இடது கால்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி.
குகதாசனுக்குக் கார் என்றால்
கியர்த்தடி இருக்கவேண்டும், கிளச் இருக்கவேண்டும்,
மூன்றிலிருந்து நாலுக்குப் போகையில்
தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் வேண்டும்.
"தானாய் மாறுறது கார் இல்லை, லிப்ட்" என்பார்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
எட்டு மணித்தியாலம் நிற்கிறவள்.
ஊராரின் இரத்தத்தை எண்ணி முடித்து
நாலரைக்கு வெளியே வந்தால்
பஸ் நிலையச் சந்தியில்
மிதி, விடு, மிதி, பாதி விடு.
இந்தக் காலிடம் இனியும் வேலை கேட்காதே என்றுதான்
ஓட்டோ கியர் கேட்டேன்.

சைக்கிள் வேறு.
சைக்கிளில் என் பெருவிரல்தான் முடிவெடுக்கவேண்டும்.
உவர்மலை ஏற்றத்தில்
மூச்சு முட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்,
முட்டிய பிறகல்ல,
டிக்.
சங்கிலி ஒருமுறை இடறி
பெரிய பல்லில் ஏறி உட்காரும்.
முழங்கால் அதை அறிந்து தணியும்.
அந்த ஒரு டிக்கை
எந்த மெசினுக்கும் எழுதிக் கொடுக்கமாட்டேன்.

அவரோ சைக்கிளுக்குக் கியர் எதற்கு என்கிற ஆள்.
கறுத்த லுமாலா, ஒரே பல், மணி கூட இல்லை.
"நிலாவெளி றோட்டு பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கு.
காத்து எதிரே வந்தால் எழும்பி நின்று மிதி.
முதுகில் அடித்தால் காலை நீட்டு.
வேறென்ன?"

ஆக, இதில் யார் சோம்பேறி, யார் வீம்பு என்று
பதினொரு வருடமாய்த் தீர்ப்பில்லை.

தரகர் மெல்ரோய் கொண்டுவந்த வெள்ளைக் காரில்
சாவி திருப்பியதும் ஒரு பெண் குரல்
ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னது.
வணக்கமோ, எச்சரிக்கையோ.
குகதாசன் இடது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டார்,
அறிமுகமில்லாத கலியாண வீட்டுக்கு
தனியாக வந்தவர்போல.
லீசிங் என் சம்பளத்தில் போனது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததுதான் உறுத்திக்கொண்டு கிடந்தது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
கோணேசர் கோவில் பூசை முடிந்து
கோட்டைக்குள்ளால் இறங்குகிறோம், அவர் ஓட்டுகிறார்.
மரத்தடி வளைவில், வெளிச்சத்துக்குள்,
பொலித்தீன் பையொன்றைச் சப்பியபடி
நடு றோட்டில் புள்ளிமான்.
அவருடைய வலது கால் பிறேக்குக்குப் போனது.
இடது கால்
இல்லாத கிளச்சைத் தேடி
இருபத்திமூன்று வருடப் பழக்கத்தின் முழுப் பாரத்தோடு இறங்கியது.
அங்கேயும் பிறேக்தான் இருந்தது,
அகலமாய்.

இரண்டு காலும் சேர்ந்து மிதித்த கார்
குத்தி நின்றது.
என் மடியிலிருந்த அர்ச்சனைத் தட்டு பறந்து
பாதித் தேங்காய் முன் கண்ணாடியில்,
விபூதி ஏசி ஓட்டைக்குள்.
வாழைப்பழம் போன இடத்தை
ஞாயிற்றுக்கிழமை வாசம் காட்டிக் கொடுத்தது.
மானுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்.
அது நிமிர்ந்து எங்களைப் பார்த்தது.
பையை விடவில்லை.

"கண்டியா," என்றார், கை நடுங்க,
"மனுவல் பழகின கால்."
"அந்தக் காலைத்தானே
மடக்கி வையுங்கோ என்று மெல்ரோய் சொன்னவர்."
பின்னால் த்ரீவீலர்காரன் ஹோண் அடித்தான்.
இருவருக்கும் சிரிப்பு வந்தது,
வேறு வேறு காரணத்துக்கு.

இப்போது ஓட்டும்போது
இடது காலை ஆசனத்தின் அடியில்
கட்டிப்போட்ட ஆட்டைப்போல் மடக்கி வைக்கிறார்.
சிலநேரம் அது துள்ளும். நான் காணாதமாதிரி இருப்பேன்.

ஏனென்றால் எனக்கும் ஒன்று உண்டு.
தனியே வேலைக்குப் போகும் காலையில்
உவர்மலை ஏற்றம் தொடங்கும் இடத்தில்
ஸ்டியரிங்கின் தோலை
என் பெருவிரல் தானாக அழுத்துகிறது.
அங்கே ஒன்றுமில்லை.
கார் தன் பாட்டில் யோசித்து
அரை நொடி பிந்தி
சரியான கியரைத்தான் போடுகிறது.

சரியானதைத்தான்.
அதுதான் எரிச்சல்.